முட்டையில் இயற்கை ஸ்டீராய்டுகளைக் கண்டறிதல்

பறவை முட்டையில், குறிப்பாக மஞ்சள் கருவில், இயல்பாகவே அமைந்துள்ள ஸ்டீராய்டுச் சேர்மங்களைப் பிரித்து, இனங்கண்டு, அளவிடும் வேதிப் பகுப்பாய்வு. இவற்றுள் மிகுதியானது கொலஸ்டிரால். பெரிய கோழிமுட்டை ஒன்றில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. புரொஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடையால் ஆகிய ஹார்மோன்களோ ஒரு கிராம் மஞ்சள் கருவில் நானோகிராம் கணக்கிலும் அதற்குக் கீழும் காணப்படுகின்றன. அதனால் முன்னது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியவந்தது. பின்னவற்றை அளக்க இருபதாம் நூற்றாண்டின் கருவிகள் வேண்டியிருந்தன.

கொலஸ்டிரால்: பித்தக்கற்களில் கிடைத்த கொழுப்புப் பொருளுக்கு 1815இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் பெயரிட்டார். 1840களில் வேதியியலாளர் கோப்லே மஞ்சள் கருவின் கொழுப்பைக் கூறுபடுத்தியபோது, லெசித்தினோடு கொலஸ்டிராலையும் கண்டார். லீபர்மன், புர்ஹார்ட் இருவரின் பெயர் தாங்கிய பச்சை நிறச் சோதனை 1880களில் உருவானது. ஆயினும் பிற ஸ்டெரால்களும் அதில் நிறம் காட்டும். கொலஸ்டிராலை டிஜிடோனின் என்னும் சேர்மத்துடன் சேர்த்து வீழ்படிவாக்கி எடைபோடும் முறையை வேதியியலாளர் விண்டவுஸ் 1909இல் வகுத்தார். கொலஸ்டிராலின் வளைய அமைப்பு 1932இல் சரியாக வரையறுக்கப்பட்டது.

ஹார்மோன்கள்: யாலோ, பெர்சன் ஆகியோர் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்புரத அளவீடு, 1960களின் இறுதியில் ஸ்டீராய்டுகளுக்கும் விரிந்தது. 1993இல் ஆய்வாளர் ஷ்வாபிள், கேனரி முட்டைகளின் மஞ்சள் கருவில் தாய்ப்பறவையின் டெஸ்டோஸ்டிரோன் இருப்பதையும், அடுத்தடுத்து இடும் முட்டைகளில் அது கூடுவதையும் காட்டினார். அதன்பின் முட்டை ஹார்மோன் ஆய்வு பறவையியலிலும் பரவியது.

நிறை நிறமாலை: மேற்கண்ட அளவீட்டில் பயன்படும் எதிர்ப்புரதம், ஒத்த வடிவுள்ள வேறு மூலக்கூறுகளையும் பற்றிக்கொள்ளும். மஞ்சள் கருவில் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோனாகக் கணக்கிடப்பட்டதில் பெரும்பகுதி உண்மையில் புரொஜெஸ்டிரோன் போன்றவற்றின் குறுக்கீடு என்பதை வியன்னா ஆய்வாளர்கள் 2005இல் சுட்டினர். வாயு நிறப்பிரிகையை நிறை நிறமாலையுடன் இணைத்து, உணவுப்பொருள்களின் இயற்கை ஹார்மோன்களை ஹார்ட்மன் குழுவினர் 1998இல் பட்டியலிட்டனர். முட்டையும் அதில் அடங்கும். இன்று திரவ நிறப்பிரிகையும் இரட்டை நிறை நிறமாலையும் சேர்ந்த முறை பரவலாகியுள்ளது. மஞ்சள் கருவை மெத்தனாலில் கலக்கி, உறைகுளிரில் வைத்துக் கொழுப்பைப் படியவிட்டு, தெளிந்த கரைசலைத் தூய்மைப்படுத்திக் கருவியில் செலுத்துவர்.

பயன்பாடு: சினைப்பையின் நுண்ணறைகளே இந்த ஹார்மோன்களை உண்டாக்குவதால், முட்டையில் ஒரு ஹார்மோன் இருப்பது மட்டுமே கோழிக்கு அது செலுத்தப்பட்டதற்குச் சான்றாகாது. செலுத்தப்பட்ட ஹார்மோனின் எச்சத்தைத் தேடும் சோதனையில் இயற்கை அளவின் எல்லையை முதலில் அறிந்தாக வேண்டும்.