இனம் என்னும் பெருக்கெண்

சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவைக் கொண்டு கணிப்பது வழக்கம். 2009-இல் வெளிவந்து அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பரவலான ஒரு சூத்திரத்தில் வயது, பால் ஆகியவற்றோடு இனமும் இடம்பெற்றிருந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் கிடைத்த விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும். கறுப்பினத்தாருக்குத் தசைத்திரட்சி அதிகம், ஆகவே கிரியாட்டினினும் அதிகம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட நியாயம். டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு, இந்தக் கணிப்பு 20-க்கு இறங்கிய பிறகே மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படும். வயது ஒன்று, ரத்தத்தில் கண்ட அளவும் ஒன்று என்றாலும் வெள்ளையருக்கு 18 என வருவது கறுப்பருக்கு ஏறக்குறைய 21 ஆகிவிடும். முன்னவர் வரிசையில் சேரலாம். பின்னவர் அதற்கு இன்னும் நோய் முற்ற வேண்டும். 2021-இல் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் இந்தப் பெருக்கலைக் கைவிட்டன. இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு 2023-இல் தொடங்கியது. அதில் 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் கணக்கு திருத்தப்பட்டது.

சூத்திரத்தை வகுத்தவர்களிடம் வன்மம் இருந்ததாகக் கருத இடமில்லை. தரவில் ஒரு வேறுபாடு தென்பட்டது. அதற்கான காரணம் உடலுக்குள்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க மருத்துவத்தில் இந்தப் பழக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மூத்தது. காரணம் பெருமளவுக்குச் சட்டத்திலும் குடியிருப்பிலும் பணம் பாயும் வழியிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவை மாறியபோது உடல்கள் எவ்வளவு விரைவாக மாறின என்பது இதற்குச் சான்று.

1896-இல் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடரிக் ஹாஃப்மன், கறுப்பின மக்களின் உயர்ந்த இறப்பு விகிதத்துக்கு அவர்களுடைய இனப்பண்பே காரணம் என்று ஒரு பெருநூல் எழுதினார். அவர்கள் அழிவை நோக்கிச் செல்கிறார்கள் என்பது அவர் முடிவு. அவர்களுக்குக் காப்பீடு மறுக்க விரும்பிய நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான அறிவியல் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டே கறுப்பினச் சமூகவியலாளர் டூபாய்ஸ் அந்நூலுக்கு மதிப்புரை எழுதி மறுத்தார். வெள்ளையரே வாழும் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றின் இறப்பு விகிதமும் அதே உயரத்தில் இருந்ததை எடுத்துக்காட்டினார்; அந்த நகரத்தாரும் அழியப்போகும் இனமா என்ற கேள்வி தானாக எழும். 1899-இல் வெளிவந்த அவருடைய பிலடெல்ஃபியா ஆய்வு, ஏழாவது வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று திரட்டிய தரவைக் கொண்டு, நோயை வாடகையோடும் நெரிசலோடும் வேலையோடும் இணைத்துப் பார்த்தது.

ஹாஃப்மனின் வாதத்துக்கு நேரடியான சோதனை ஒன்று வெகுகாலம் கழித்துத்தான் கிடைத்தது. இல்லினாய் மாநிலத்தின் 1980 முதல் 1995 வரையிலான பிறப்புப் பதிவுகளை டேவிட், காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாய்மாரின் குழந்தைகளுக்குச் சராசரி எடை 3,446 கிராம். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளுக்கு 3,089 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய தாய்மாரின் குழந்தைகளுக்கோ 3,333 கிராம். பிறப்பெடை மரபணுவால் குறைகிறதென்றால், ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைந்த ஆப்பிரிக்கத் தாய்மாரின் குழந்தைகளே எல்லாரிலும் எடை குறைந்திருக்க வேண்டும். அவர்களோ வெள்ளையரை ஒட்டி நின்றார்கள்.

குடியேறி வருபவர்கள் இயல்பிலேயே உடல் வலுவும் படிப்பும் உள்ளவர்கள் என்று மறுக்கலாம்; நியாயமான மறுப்புத்தான். ஆனால் 2002-இல் வந்த தொடர் ஆய்வு அடுத்த தலைமுறையைப் பார்த்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைப் பெண்களின் பேரக்குழந்தைகள் தம் தாயாரைவிடக் கூடுதல் எடையோடு பிறந்தார்கள். ஆப்பிரிக்க, கரீபியப் பெண்களின் பேரக்குழந்தைகள் தம் தாயாரைவிடக் குறைந்த எடையோடு பிறந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் மரபணுக் கூட்டம் மாறிவிடாது. இடையில் மாறியது, அந்த மகள்கள் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களாக வளர்ந்தது ஒன்றுதான்.

வறுமைதான் காரணம், நிறத்தை ஏன் இழுக்க வேண்டும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1983–85 காலத்தில் பிறந்த குழந்தைகளில், பெற்றோர் இருவரும் கல்லூரிப் பட்டம் பெற்ற குடும்பங்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டது வேறோர் ஆய்வு. கறுப்பினச் சிசு மரணம் ஆயிரத்துக்கு 10.2, வெள்ளையரிடம் 5.4. படிப்பு உதவுகிறது, ஆனால் இடைவெளியை மூடவில்லை. இடைவிடாத அவமதிப்பும் எச்சரிக்கையும் உடலைக் காலத்துக்கு முன்பே தேய்க்கின்றன என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992-இல் முன்வைத்த கருதுகோள் இந்த இடத்தில்தான் வலுப்பெறுகிறது.

மரபணுவுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்வதும் தவறு. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஏபிஓஎல்1 மரபணுவின் சில வடிவங்கள் சிறுநீரக நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் அவற்றின் இரண்டு பிரதிகளைக் கொண்டவர்கள் கறுப்பின அமெரிக்கர்களில் சிறுபான்மையினரே. பரிசோதித்து யார் யார் என்று அறியவும் முடியும். முகத்தைப் பார்த்துப் பெருக்குவது அந்தச் சோதனைக்கு மாற்றாகாது.

சட்டம் மாறினால் உடல் மாறுமா? 1946-ஆம் ஆண்டின் மருத்துவமனைக் கட்டுமானச் சட்டம், தனித்தனியே ஆனால் சமமாக என்ற பெயரில் இனப் பிரிவினைக்கு மத்திய அரசின் பணத்தையே கொடுத்தது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1963-இல் அந்தப் பிரிவு அடிபட்டது. மறு ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. இவை இரண்டும் காகிதத்தில் நின்றன. தென் மாநில மருத்துவமனைகளின் கதவைத் திறந்தது 1966 ஜூலையில் தொடங்கிய மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசுக் காப்பீடு. பிரித்து வைக்கும் மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்றது அரசு. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய ஆயிரம் மருத்துவமனைகள் வார்டுகளை ஒன்றாக்கின. நெஞ்சம் மாறி ஒன்றாக்கினார்கள் என்று யாரும் நம்பத் தேவையில்லை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மிசிசிப்பியில் கறுப்பினச் சிசுக்களின் மரணம் சட்டென இறங்கியது. அதிலும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் தடுத்துவிடக்கூடிய வயிற்றுப்போக்கு, நிமோனியா மரணங்கள்தான் பெரிதும் குறைந்தன. இனப்பண்பு என்று ஹாஃப்மன் அழைத்ததில் ஒரு பகுதி, பூட்டிய கதவாக இருந்திருக்கிறது.

பூட்டுகள் எல்லாம் திறந்துவிடவில்லை. 1930-களில் கடனுக்குத் தகாதவை என்று வரைபடத்தில் சிவப்பிடப்பட்ட குடியிருப்புகள் இன்றும் வெப்பம் மிகுந்தவை. 108 நகரங்களைப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி வேறுபாடு 2.6 டிகிரி செல்சியஸ். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பரிடம் 11.7 சதவீதம். 2023-இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையரில் 14.5 பேர்.

இதற்கெல்லாம் பதிலாக மருத்துவர்களின் மனச்சாய்வைத் திருத்தும் பயிற்சி வகுப்புகள் இப்போது நாகரிகமாகியிருக்கின்றன. அவற்றால் தீங்கு ஒன்றுமில்லை. பெரிய பலனும் இருக்காது என்றே நினைக்கிறேன். 1966-இல் வேலை செய்தது நிபந்தனையோடு வந்த பணம். ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை விரிவாக்க 2010-ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தது. ஆனால் ஏற்பதா மறுப்பதா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது 2012-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மறுத்து நிற்கும் மாநிலங்களில் மிசிசிப்பி, அலபாமா, தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவை அடங்கும். மத்திய அரசு அதற்கு ஒதுக்கும் பணம் அங்கே வாங்கப்படாமலே கிடக்கிறது.