மாட்டை ஏமாற்றிய கதை

போன எபிசோடில் பால் பாக்கெட்டின் வரலாறு பேசினோம் இல்லையா? அதைக் கேட்டுட்டு எங்க ஆயா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "பாக்கெட்டப் பத்தி அவ்ளோ பேசினியே, கன்னுக்குட்டியப் பத்தி ஏன்டா பேசல?"

ஆயா அயனாவரத்தில் ரெண்டு எருமையும் ஒரு பசுவும் வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றியவர். என் சின்ன வயதில் அந்தக் கொட்டகைக் கூரையில் ஒரு கன்றுக்குட்டி தொங்கும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தது. கறக்கும் நேரத்தில் அதை இறக்கிப் பசுவின் முன்னால் வைப்பாங்க. பசு நக்கும், பால் சுரக்கும். எனக்கு அது ஒரு பொம்மை, அவ்வளவுதான்.

ஏன் இந்த ஏமாற்று வேலை? மடி நிறையப் பால் இருந்தாலும், மாடு 'விட்டால்'தான் வரும். கன்று முட்டிக் குடிக்கும்போது மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். அது மடிக்குள் இருக்கும் நுண்ணிய பால் அறைகளை இறுக்கிப் பாலைக் கீழே தள்ளும். மாடு பயந்தால் அட்ரினலின் ஏறி இதே வேலையைத் தடுத்துவிடும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை 1941லேயே காட்டிவிட்டார்கள். ஜெர்சி மாதிரி சீமை மாடுகள் கன்று இல்லாமலே ஓரளவு விட்டுவிடும். நம்ம நாட்டு மாடும் எருமையும் அப்படி இல்லை, கன்று வேணும்.

நகரத்தில் கன்றுதான் பிரச்சினை. அது குடிக்கும் ஒவ்வொரு படியும் விற்க வேண்டிய பால். காளைக் கன்றாக இருந்தால் கட்டி வைக்க இடமும் கிடையாது. கன்று இல்லாமல் பால் எடுக்க கல்கத்தாவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பேர் பூக்கா. பசுவின் பிறப்புறுப்புக்குள் ஒரு குழலைச் செருகி ஊதுவது. கேட்கவே ஒரு மாதிரி இருக்கு, தெரியும். ஆனால் இது பழைய உத்தி. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ், சிதியர்கள் எலும்புக் குழலால் பெண் குதிரைகளுக்கு ஊதிப் பால் கறந்ததை எழுதியிருக்கிறார். பூக்காவுக்கு ஆளான மாடு சினை பிடிக்காமல் போய், கடைசியில் அடிமாடாகிவிடும். 1890ல் வந்த மிருகவதைத் தடைச் சட்டமே பூக்காவைப் பேர் சொல்லிக் குற்றமாக்கியது.

காந்தி பால் குடிப்பதை விட்டதில் இந்தப் பூக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1912ல், தென்னாப்பிரிக்காவில் எடுத்த விரதம் அது. 1919 தொடக்கத்தில் பம்பாயில் ரொம்ப பலவீனமாகப் படுத்திருந்தபோது, பால் குடித்தே ஆகணும் என்றார் டாக்டர். விரதத்தின் காரணத்தை காந்தி விளக்க, பக்கத்திலிருந்த கஸ்தூரிபா, அப்படியென்றால் ஆட்டுப்பாலில் என்ன ஆட்சேபம் என்று கேட்டார். காந்தி குடித்தார். ஆனால் விரதத்தின் எழுத்தைத்தான் காப்பாற்றினேன், உயிரைக் காப்பாற்றவில்லை என்று சுயசரிதையில் தன்னையே குத்திக்கொள்கிறார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

இப்போ ஒரு பொறியாளனாக என்னை உலுக்கிய விஷயம். குழலால் ஊதினால் ஏன் பால் வருகிறது? அந்த இடத்தில் அழுத்தம் விழுந்தால், கன்று ஈனும்போது போலவே ஆக்ஸிடோசின் சுரக்கும். வைக்கோல் கன்று, பூக்கா ரெண்டும் தட்டுவது ஒரே சுவிட்சை. 1953ல் வின்சென்ட் டு விக்னோ அந்த ஹார்மோனையே ஆய்வகத்தில் செய்துவிட்டார். 1955ல் நோபல். பிரசவத்தில் ரத்தம் நிற்காத எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றிய மருந்து அது. அதே மருந்துதான் மாட்டுக் கொட்டகைக்கும் வந்தது. 1960 சட்டத்தின் 12ஆம் பிரிவில் பூக்கா இருந்தது. 1982ல் அதோடு ஊசியையும் சேர்த்தார்கள். 2018ல் தனியார் கம்பெனிகள் ஆக்ஸிடோசின் தயாரிக்கவே மத்திய அரசு தடை போட்டது. அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தாய்மார்களுக்கு மருந்து கிடைக்கணுமே.

இந்த ஊசி பற்றி நகரத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பாலில் கலந்து நமக்கு ஏதாவது ஆயிடுமா?" அது புரதத் துணுக்கு மாதிரி, வயிற்றிலேயே செரித்துவிடும். மாட்டுக்கு என்ன ஆகும் என்று என்னிடம் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி ஆயாவிடம் கேட்டேன், "நீ ஊசி போட்டியா ஆயா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "ஊர்ல எங்கம்மா ஒரு காம்ப கன்னுக்குன்னு விட்ருவா. இங்க வந்து நாலையும் நான்தான் கறந்தேன். உங்கப்பனுக்கு பீஸ் கட்டணும். கன்னு காஞ்சே செத்துச்சு. அந்தத் தோலத்தான் நீ பொம்மைனு வெளையாடுவ. ஒரு நாளு லட்சுமி அத மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. அதுக்கப்புறம் கிட்டவே சேக்கல. அப்பதான்டா ஊசி."