தீவுக்குப் போகும் சரக்கு: திண்டுக்கல் சமவெளியும் கப்பல் கூலியும்

திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. தூத்துக்குடித் துறை தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் இந்தச் சமவெளியில் விளையும் புகையிலைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் காய்கறிக்கும் என்ன விலை கிடைக்கும் என்பதில் கடலுக்கு நெடுங்காலமாகப் பங்கு உண்டு. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வட்டாரங்களை உள்ளடக்கிய இப்பகுதியிலிருந்து இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு போன வரலாறு, உண்மையில் கப்பல் கூலியின் வரலாறு. ஒரு தீவுக்கு மூட்டை ஏற்றுபவர் போகும் கூலியோடு நிற்பதில்லை. திரும்பி வர மூட்டை இல்லாத கப்பல் வெறுமனே வரும் செலவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

இரயிலுக்கு முன் மாட்டுவண்டிதான். 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கும், 1876இல் அங்கிருந்து தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை வந்த பிறகே இந்த ஊர் துறைமுகத்தின் பின்நிலமாக ஆனது. அன்று பெயர் பெற்ற சரக்கு சுருட்டு. ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று உலகம் அறிந்த பொருளுக்குப் புகையிலை போனது திண்டுக்கல் மண்ணிலிருந்து. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலையும் திண்டுக்கல்லிலேயே இருந்தது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே இந்தச் சுருட்டை அடையாளம் காண்கிறார். பெயரைத் திருச்சி தட்டிக்கொண்டு போய்விட்டது என்ற மனக்குறை இங்குள்ளவர்களுக்கு இருந்தால் அதில் நியாயம் உண்டு.

தூத்துக்குடியின் குறை ஆழம். நீராவிக் கப்பல்கள் கரையை அண்ட முடியாமல் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. இரயிலடியில் இறங்கிய மூட்டை தோணியில் ஏறி, தோணியிலிருந்து கப்பலுக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கூலி, சேதமும் உண்டு. கொழும்புக்குத் தூரம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர்தான் என்றாலும், செலவு தூரத்தைப் பார்த்து வருவதில்லை, கை மாறும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருகிறது.

இந்த வழியில் ஆதிக்கம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியிடம் இருந்தது. அதை எதிர்த்து வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. வெள்ளைக் கம்பெனி பயணக் கட்டணத்தைச் சரித்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். சுதேசிக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கும் இடம் இருந்ததை யாரும் சொல்வதில்லை. கட்டணப் போரில் கை நிறைந்தவன் நட்டத்தைத் தாங்குவான், புதியவன் தாங்கமாட்டான். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். அவரோடு கைதான சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டில் பிறந்தவர். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கூலி குறைந்திருந்த நாட்கள் போட்டி இருந்த நாட்களோடு முடிந்தன.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குப் படகு, மறுபடி இரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த சேவையும் இலங்கைப் போரில் நின்றது. அதற்குள் வேறொரு கதவு அடைபட்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து விவசாயி அந்த ஆண்டுகளில் நன்றாகச் சம்பாதித்தார். 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் அவர் இழந்தார். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் தமிழர்தான் வெங்காயம் போடுகிறார்கள். ஒருவரின் நல்ல விலை மற்றவரின் தடை என்பதை இரு பக்கமும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

1974இல் தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் நேரே தளத்தில் கட்டியது. பழைய துறைமுகமோ தோணிகளோடு நிலைத்தது. சில நூறு டன் ஏற்றும் இந்த மரக்கலங்கள் முன்பு பாய் விரித்து ஓடின, பிறகு எஞ்சின் பூட்டிக்கொண்டன. கொழும்புக்கும், 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மாலத்தீவின் மாலேவுக்கும் காய்கறி, பலசரக்கு, கட்டுமானப் பொருள் ஏற்றிச் சென்றன. அந்நாட்டுத் திவேகி மொழியில் படகுக்கு ‘தோணி’ என்றே பெயர். யார் யாரிடம் கற்றார்கள் என்ற வாதம் இங்கே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். அப்போது தீவுக்குப் பெருங்கப்பல் ஒன்றே வழி, கூலியும் அதற்கேற்றபடிதான்.

கூலியைக் கணக்கிடும் முறைக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல மூட்டைகளைச் சேர்த்து ஏற்றும் சரக்குக்கு எடையையும் பருமனையும் பார்த்து, ஒரு டன்னா ஒரு கன மீட்டரா, எது பெரிதோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பெட்டியில் அடுக்கினால் ஒரு கன மீட்டருக்குள் ஒரு டன்னுக்கு மேல் வரும், எடைக்குத்தான் கூலி. ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய்க் கட்டு அதே இடத்தை அடைத்துக்கொண்டு எடையில் சொற்பமாக நிற்கும், இடத்துக்குத்தான் கூலி. முழுக் கண்டெய்னர் எடுத்தால் இந்தக் கணக்கு இல்லை, ஒட்டுமொத்தத் தொகைதான். இருபது அடிக் கண்டெய்னரின் உள்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர்.

இந்தத் தொகைக்கு மேல் வருவதுதான் எரிபொருள் கூடுதல் கட்டணம். வணிகர் பேச்சில் ‘பங்கர்’. நிலக்கரிக் காலத்தில் கப்பலின் கரி அறைக்கு இருந்த பெயர் எண்ணெய்க்கும் ஒட்டிக்கொண்டது. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையைத் தொடர்ந்து ஒரு பீப்பாய் மூன்று டாலரிலிருந்து பன்னிரண்டு டாலர் அளவுக்குத் தாவியபோது, அடிக்கடி கட்டணப் பட்டியலை மாற்றுவதைவிட எண்ணெய் விலையைப் பில்லில் தனி வரியாகப் போடுவது கம்பெனிகளுக்கு எளிதாகப் பட்டது. அன்று தற்காலிகம் என்று நுழைந்தது பிறகு வெளியேறவே இல்லை. எண்ணெய் ஏறினால் மறுமாதமே ஏறும். இறங்கினால் இறங்க நாளாகும் என்பது ஏற்றுமதியாளர்களின் பொதுப் புலம்பல். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கட்டாயமாக்கியது. விலை கூடிய அந்த எண்ணெய்க்காக இன்னொரு வரி சேர்ந்தது. எண்ணெய் விலை கூடினால் கப்பல் மெதுவாகவும் ஓடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஒரு மணி நேரத்தில் எரியும் எண்ணெய் கால் பங்குக்கு மேல் குறைகிறது. கம்பெனிக்கு அது மிச்சம். வெங்காயத்துக்கு அது கூடுதல் காத்திருப்பு.

தோணிக்காரரிடம் இப்படித் தனி வரி ஏதும் கிடையாது. டீசல் விலையைப் பார்த்து டன்னுக்கு இவ்வளவு என்று ஒரே வாயில் சொல்லிவிடுவார். இவ்விரண்டில் எது நேர்மையானது என்று கேட்டால், ஒரே தொகை என்றுதான் இக்கட்டுரையாளர் சொல்வார்.

கூலிக்கு அப்பால், சரக்கை அனுப்பும் நிபந்தனைகளை வெங்காயத்தை வைத்தே விளக்கலாம். காட்டில் பிடுங்கிய சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, தாள் அறுத்து, மண் உதிர்த்து, தரம் பிரிக்கிறார்கள். விலை வரும்வரை வைத்திருக்க வேண்டுமானால் பட்டறை போடுவார்கள். தரையிலிருந்து உயர்த்தி, கீழும் பக்கமும் காற்று புகும்படி படல் கட்டி, மேலே கூரை வேய்ந்த நீளமான அடுக்கு அது. அதன் தத்துவம் ஒன்றுதான்: வெங்காயம் மூச்சு விட வேண்டும். எஃகுக் கண்டெய்னர் இதற்கு நேர் எதிரி. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்கூரை வேர்த்துச் சொட்டும், நனைந்த மூட்டை முளைவிடும் அல்லது அழுகும். அதனால் வலைப்பையில் கட்டி, காற்றோட்டம் திறந்த குளிர்சாதனக் கண்டெய்னரில் அனுப்புகிறார்கள். தோணியின் திறந்த வயிற்றில் போவது பழைய முறை. பட்டறையின் அறிவு அதில்தான் கூடுதலாகத் தெரிகிறது.

காகிதங்கள் தனி. இந்தியத் தாவரப் பாதுகாப்பு, தனிமைப்படுத்தல் துறையின் அதிகாரி பார்த்துத் தரும் தாவர நலச் சான்றிதழ், சுங்கத்தின் ஷிப்பிங் பில், ஏற்றுமதியாளர் குறியீட்டு எண். மரத்தட்டு வைத்துக் கட்டினால் அந்த மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியதற்கோ, புகையூட்டியதற்கோ முத்திரை வேண்டும். மரத்துக்குள் வரும் பூச்சி தீவின் தென்னையைத் தின்னக்கூடாதல்லவா. 2016 ஜூலை 1 முதல் கண்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்காமல் கப்பலில் ஏற்றமுடியாது. எடைமேடைச் சீட்டு இல்லாத லாரிக்கு அன்று கப்பல் இல்லை. இலங்கைக்கு என்றால் அங்கு அறுவடை நாட்களில் உயரும் சிறப்புப் பண்ட வரியையும் கவனிக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே இரவில் கதவு சாத்தப்படலாம். உள்நாட்டில் விலை ஏறியதால் 2020 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. மாலத்தீவுக்கோ 1981 வணிக ஒப்பந்தத்தின் பேரில் தனி ஒதுக்கீடு உண்டு. 2024-25க்கு 35,749 டன் வெங்காயம், 21,513 டன் உருளைக்கிழங்கு, 42.75 கோடி முட்டை, தலா 10 லட்சம் டன் ஆற்றுமணலும் சல்லியும் அறிவிக்கப்பட்டன. இரு நாடுகளின் உறவு கசந்திருந்த வேளையில் இது வந்தது. சொந்த மண்ணே போதாத தீவுக்கு மணலும் சல்லியும் கப்பலில் போவது, அங்கே ஒரு வீடு கட்ட எவ்வளவு கூலி சேரும் என்பதைக் காட்டும்.

2020 செப்டம்பரில் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் தூத்துக்குடியிலிருந்து கொச்சி, குல்ஹுதுஃபுஷி வழியாக மாலேவுக்கு நேரடிச் சரக்குச் சேவை தொடங்கியது. ‘எம்.சி.பி. லின்ஸ்’ என்ற அந்தக் கப்பலில் இருபது அடிக் கண்டெய்னர் 200, உதிரிச் சரக்கு 3,000 டன் போக இடம் இருந்தது. கொழும்பில் கப்பல் மாற்றும் செலவு மிச்சம் என்பது அதன் வாதம். வடக்கு மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷிக்கு மாலே வரை போய்த் திரும்பும் சுற்றும் மிச்சம். அங்கே இறங்கும் மூட்டையும் ஊர் சேர்ந்துவிட்டது என்று சொல்லமுடியாது. மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ இருநூறு. அடுத்த தீவுக்குப் போக மூட்டை மறுபடி ஒரு சிறு தோணியில் ஏறும், அதற்கு ஒரு கூலி. இந்தப் பக்கம் மீன் தவிர ஏற்றிவர அங்கே அதிகம் இல்லை. தூத்துக்குடிக்குத் திரும்பும் தோணி தண்ணீருக்கு மேல் உயர்ந்து மிதந்து வருவதைப் பார்த்தாலே, காலி என்று துறையில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.