எலியும் தெள்ளும் ஏழையின் குடிசையும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலரில் எழுதுதற்கு உயர்ந்த பொருள்கள் எத்தனையோ இருக்க, எலியையும் கொசுவையும் பற்றியா எழுதுவது என்று இளைஞர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்களை நாம் குறை கூறவில்லை. ஆயினும் கொள்ளைநோய்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்குந்தோறும் ஓர் உண்மை நம் கண்முன் வந்து நிற்கின்றது. நோயைச் சுமந்து வரும் சிற்றுயிர் எது என்று அறியாத இடத்திலெல்லாம், அந்தப் பழியை ஏழை மனிதனே சுமந்திருக்கின்றான். சிற்றுயிரை அறிந்து ஒழித்த இடத்தில் நோயும் தணிந்தது. ஏழையின் குடிசையும் பிழைத்தது. ஆதலின் எலி, கொசு ஒழிப்பு என்பது நகராட்சியின் அன்றாட அலுவல் மட்டுமன்று; நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அது நீதியின் ஒரு பகுதியுமாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பம்பாயில் மூண்ட தீ

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை அக்காசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். அதன்பின் மூன்று நான்கு பத்தாண்டுகளில் இந்திய நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை அந்நோய் குடித்தது. 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் என்னும் அறிஞர் அதன் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் எவ்வாறு செல்கின்றது என்பது அன்று எவருக்கும் விளங்கவில்லை. அழுக்கிலிருந்து எழும் நச்சுக்காற்றே காரணம் என்றனர் பலர். நோயாளியின் துணிமணியும் வீட்டுத் தரையுமே காரணம் என்றனர் வேறு சிலர்.

வழி தெரியாத அரசு மனிதர்மேல் பாய்ந்தது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. குடிசைகளின் கூரைகள் பிரிக்கப்பட்டன. பண்டங்கள் தெருவில் கொளுத்தப்பட்டன. மக்கள் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். இருப்புப்பாதை நிலையங்களில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் இறக்கிச் சோதிக்கப்பட்டனர். உயர்வகுப்பில் சென்றவர்க்கு அத்தொல்லை குறைவு. புனாவில் வீடு வீடாகப் படைவீரரைப் புகவிட்ட கடுமையால் மக்கள் கொதித்தனர். 1897 ஜூன் 22-இல் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் வெள்ளமாய்ப் பாய்ச்சப்பட்டன. அங்கு வாழ்ந்த எலிகளோ வீடுகளுக்குள் ஓடியிருக்கும் என்று பின்னாளில் அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். நோயை விரட்டுவதாக எண்ணி, அதனை வீட்டுக்குள் துரத்திய செயலாக அது முடிந்தது.

இந்நிகழ்ச்சியில் நம் இளைஞர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. பம்பாயின் கழிவை அன்றாடம் அகற்றி வந்தவர்கள் ஹலால்கோர் எனப்பட்ட தீண்டப்படாத தொழிலாளர்கள். அரசின் கெடுபிடிக்கு அஞ்சி அவர்களும் ஊரைவிட்டு நீங்கிவிட்டால் நகரம் வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று அஞ்சியே, நகராட்சி தன் கடுமையைத் தளர்த்த நேர்ந்தது. அவர்களை அதுவரை மனிதராக மதியாத நகரம், அவர்களின்றி ஒரு வாரமும் தன்னால் இயங்க முடியாது என்பதை அன்றுதான் உணர்ந்தது.

முதுகில் சுமந்த தாய்

அதே நோய் புனாவைச் சூழ்ந்த காலத்தில், நம் பெண் கல்வியின் முன்னோடியான சாவித்திரிபாய் புலே தம் மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவ நிலையத்தில் நோயாளிகளைப் பேணினார். முண்டுவா கிராமத்துக்கு வெளியே மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனைத் தம் முதுகில் சுமந்து வந்து காத்தார். சிறுவன் பிழைத்தான். நோய் பற்றிய சாவித்திரிபாய் 1897 மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார்.

ஊர் ஒதுக்கிய குடியிருப்பின் குழந்தையைத் தொட்டுத் தூக்கிய அக்கைகளை நாம் என்றும் வணங்குவோம். ஆயினும், அவருடைய அன்புக்குத் துணையாக நிற்கவேண்டிய அறிவு அன்று பிறக்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் மறைந்த பதினைந்து திங்களுக்குப் பின்னரே அவ்வறிவு கிடைத்தது.

இருபது கூலிகளும் செத்த எலிகளும்

அதனை அளித்தவர், நம் காரைக்காலை அன்று ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர் பால் லூயி சிமோன். பாரிசின் பாஸ்டர் நிலையத்தால் 1897-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அவர், நோயாளிகளை மட்டுமன்றி எலிகளையும் கூர்ந்து நோக்கினார். ஒரு கம்பளி ஆலையில் நிகழ்ந்ததை அவர் எழுதி வைத்தார். காலையில் ஆலை திறந்தபோது தரையெங்கும் எலிகள் செத்துக் கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்த இருபது கூலியாள்கள் ஏவப்பட்டனர். மூன்றே நாளில் அவர்களுள் பத்துப் பேர்க்குப் பிளேக் கண்டது. எலியைத் தொடாத ஏனைய பணியாளர் எவர்க்கும் நோய் வரவில்லை.

நோயாளிகள் சிலரின் காலில் சிறு கொப்புளம் இருப்பதையும், அதனுள் பிளேக் கிருமி இருப்பதையும் அவர் கண்டார். அது பூச்சி கடித்த இடமாக இருக்கவேண்டும் என்று கருதினார். 1898 ஜூன் 2-ஆம் நாள் கராச்சியில், தெள்ளுப்பூச்சிகள் மொய்த்த நோயுற்ற எலியை ஒரு கண்ணாடிக் கலத்தில் இட்டார். அது இறக்கும் தறுவாயில், நலமான எலி ஒன்றை வலைக்கூட்டில் வைத்து அக்கலத்தினுள் விட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆயினும் சில நாள்களில் நலமாயிருந்த எலியும் பிளேக்கால் மடிந்தது. இடையே தாவியது தெள்ளு ஒன்றே. எலி இறந்து உடல் குளிர்ந்ததும், சூடான வேறோர் உடலைத் தேடித் தெள்ளு புறப்படுகின்றது. அண்மையில் செத்த எலியை அள்ளிய கூலியாள் நோயுற்றதன் காரணம் இதுவே.

அவர் கூற்றை அறிஞருலகம் உடனே ஏற்கவில்லை. 1905-க்குப் பின் பம்பாயில் நடைபெற்ற பிளேக் ஆராய்ச்சிக் குழுவின் சோதனைகளே அதனை ஐயமற நிலைநாட்டின. இதிலிருந்து ஒரு பெரும் விதி கிடைத்தது. பிளேக் பரவியுள்ள காலத்தில் முதலில் தெள்ளை ஒழிக்கவேண்டும். அதன்பின்னரே எலியைக் கொல்லவேண்டும். முறை மாறினால், செத்த எலிகளை விட்டு நீங்கிய தெள்ளுகள் மனிதரை நாடும். ஆகவே பூச்சி ஒழிப்பு என்பது கண்டபடி கொல்வதன்று. எதனை, எப்போது, எந்த முறையில் என்பதை அறிந்து செய்யும் கல்வியாகும்.

ஏவியவர் எவர், ஏவப்பட்டவர் எவர் என்பதையும் அவ்விருபது கூலிகளின் கதை காட்டுகின்றது. செத்த எலியை அள்ளும் வேலை யாருடைய கைக்கு வந்து சேரும் என்பது நமக்குப் புதிதன்று. அன்று அவர்கள் கையில் உறையில்லை. கருத்தில் அறிவு புகட்டுவாரும் இல்லை.

மருந்து தளர்ந்ததும் மீண்ட காய்ச்சல்

எலியை விட்டுக் கொசுவுக்கு வருவோம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர். எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. டி.டி.டி. தெளிப்பவர்கள் ஊர்தோறும் சென்று சுவரில் மருந்தடித்து, அடித்த நாளையும் குறித்துவிட்டுச் சென்றனர். 1960-களின் நடுவில் நோயாளர் தொகை ஓராண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. நோய் ஒழிந்ததென்று நாடு கண்ணயர்ந்தது. பணமும் மருந்தும் குறைந்தன. கொசுவும் மருந்துக்குப் பணியாத வன்மை பெற்றது. 1976-இல் நோயாளர் தொகை 64 லட்சத்தைக் கடந்தது.

மருந்தொன்றையே நம்பியிருத்தல் தவறு என்பதை இது கற்பித்தது. புதுச்சேரியில் 1975-இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் ஐந்தாண்டுகள் அந்நகரில் யானைக்கால் நோய்க்குரிய கொசுவை எதிர்த்து வேறொரு முறையைச் செய்து காட்டியது. பள்ளங்களைத் தூர்த்தல், வாய்க்காலை ஓடவிடுதல், களைகளை அகற்றுதல், மக்களையும் பணியில் சேர்த்தல் ஆகியவை அம்முறையின் கூறுகள். நம் ஒன்றியப் பகுதியிலேயே நிகழ்ந்த இச்செயலை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் காரைக்காலில்

காவிரிக் கழிமுகத்தின் கடைமடை நம் ஊர். அரசலாறும் திருமலைராசனாறும் நாட்டாறும் கடலை நாடும் இடத்தில், வடிய வழியற்ற நீர் தாழ்ந்த நிலத்தில் தேங்குகின்றது. தாழ்ந்த நிலத்தில் யார் குடியமர்த்தப்பட்டனர் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. வயல் எலியோ நம் முன்னோர்க்குப் பழகிய உயிர். கிட்டி வைத்து எலி பிடித்தவர்களும், வளையை வெட்டி அது சேர்த்த நெல்லை எடுத்துப் பசியாறியவர்களும் நம்மவரே. அந்த எலியின் சிறுநீர் கலந்த சேற்றில், காலிலுள்ள சிறு புண்வழியே எலிக்காய்ச்சல் உடலில் புகுகின்றது. வெறுங்காலுடன் வயலிலும் சாக்கடையிலும் இறங்குபவர்க்கே அவ்வபாயம் மிகுதி.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையை அழித்தபோது, அடுத்து வருவது கொள்ளைநோயே என்று உலகம் அஞ்சியது. குடிநீரில் குளோரின் இடப்பட்டது, வெளுப்புத்தூள் தூவப்பட்டது, கொசு மருந்து அடிக்கப்பட்டது, உடல்களும் கழிவுகளும் விரைந்து அகற்றப்பட்டன. பெருங்கொள்ளைநோய் மூளவில்லை. அந்த வெற்றிக்கு உழைத்தவர் யாவர்? நாகைக் கரையோரத்தில் உடல்களை அகற்றப் பல நகராட்சிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் நம்மவர். தக்க பாதுகாப்புக் கருவிகள் இன்றி அவர்கள் பணிசெய்ததை அந்நாளைய அறிக்கைகள் பதிந்துள்ளன. பேரழிவின் வரலாற்றில் அவர்கள் பெயர்கள் எழுதப்படவில்லை. இம்மலரிலேனும் அவர்களை நினைவுகூர்கின்றோம்.

2022 ஜூலைத் தொடக்கத்தில் நம் மாவட்டத்திலேயே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கால் வருந்தினர். சிலரிடம் காலராக் கிருமி உறுதியாயிற்று. பள்ளி கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன. காலரா நீரால் பரவும் நோய். குடிநீர்க் குழாயைச் சீராக்காமல் ஈயை மட்டும் விரட்டினால் பயனில்லை. ஆயினும் மலத்தில் அமர்ந்த ஈ சோற்றிலும் வந்து அமர்கின்றது. எனவே நீர் முதலாவது, ஈ இரண்டாவது என்னும் வரிசையை நாம் அறிதல் வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் உரிய பகை எதுவென்று தெளிவதே அறிவின் முதற்படி.

மனிதர்மேல் பாய்ந்த மருந்து

இந்த அறிவு தவறியதை நம் காலத்திலேயே கண்டோம். 2020 மார்ச் இறுதியில், கொரோனா ஊரடங்கால் பிழைப்பிழந்து ஊர் திரும்பிய தொழிலாளரை உத்தரப்பிரதேசத்துப் பரேலியில் சாலையில் உட்கார வைத்து, அவர்கள்மேல் கிருமிநாசினி நீரைப் பீய்ச்சினர். பெண்டிரும் பிள்ளைகளும் அதில் நனைந்தனர். மனிதர்மேல் இவ்வாறு தெளிப்பது நோயைத் தடுக்காது; உடலுக்கும் தீங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் பின்னர்த் தெளிவாகக் கூறியது. பம்பாயில் கூரையைப் பிரித்த கைக்கும் பரேலியில் குழாயைப் பிடித்த கைக்கும் இடையே நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள். கொல்லவேண்டிய பூச்சி எது என்று தெரியாத அதிகாரத்தின் கண்ணுக்கு, ஏழையே பூச்சியாகத் தோன்றுகின்றான் என்பதே இவ்விரண்டும் உணர்த்தும் பாடம்.

இளைஞர்களே!

நாம் செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, நம் தெருவில் இன்றே தொடங்கக்கூடியது. டெங்குக் கொசு நல்ல நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே தொட்டியையும் குடத்தையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அதன் சுழற்சி அறும். சிரட்டை, பழைய டயர், உடைந்த உரல் எதிலும் நீர் நிற்க விடலாகாது. வயலில் இறங்கும் தந்தையர்க்குக் காலணி வாங்கித் தருவதை வீண் செலவென்று எண்ணலாகாது.

இரண்டாவது, நம் தலைமுறை முடிக்கவேண்டியது. எலி பிடிப்பதும் சாக்கடையில் இறங்குவதும் நம் குலத்தின்மேல் எழுதப்பட்ட தொழிலன்று. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. துப்புரவுப் பணிக்கு இறங்குபவர் எவராயினும், உறையும் காலணியும் நிறைந்த ஊதியமும் பெற்றே இறங்குதல் வேண்டும். அவ்வாறு கேட்கும் உரிமை நமக்குண்டு.

அதற்கும் மேலே செல்க. எலியின் வளையை நம் பாட்டன்மார் அறிந்த அளவுக்கு அறிந்தவர் சிலரே. அந்த அறிவுக்குப் பட்டம் இல்லை. அதனால் மதிப்பும் இல்லை. இன்று காரைக்காலிலேயே 1987 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கின்றது. 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்விக் கிளையும் இருக்கின்றது. புதுச்சேரி ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுநிலைப் படிப்பே உண்டு. பூச்சியியல் அறிஞராகவும், சுகாதார ஆய்வாளராகவும், மருத்துவராகவும் நம் பிள்ளைகள் வருதல் வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வரும்போது, எதனை ஒழிப்பது, யாரைக் காப்பது என்று முடிவு செய்யும் மேசையில் நம்மவர் அமர்ந்திருத்தல் வேண்டும். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வைத்தது அதற்காகவே. அப்பணியை நம் இளைஞர் ஏற்று நடத்துவர் என்று நாம் உறுதியாக நம்புகின்றோம்.