சீருடையும் சவப்பெட்டியும்: கார்ப்பஸ் கிறிஸ்டியின் முன்னாள் படைவீரர் அமைப்பு



ஒடுக்கப்பட்டவன் ஆட்சிக்காகத் துப்பாக்கி ஏந்தினால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்பது நமக்குப் பழைய கேள்வி. பீமா கோரேகான் தூணில் மகர் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதே மகர்களைப் படையில் சேர்ப்பதை 1890களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு நிறுத்தியது. ஓய்வுபெற்ற வீரரான கோபால் பாபா வலங்கர் கொங்கணத்துச் சிற்றூரான தபோலியில் இருந்துகொண்டு 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். இன்று நான் பேசப்போவது அதே கேள்வியை வேறொரு மண்ணில் கேட்டவர்களைப் பற்றி.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடலோரத் துறைமுக நகரம் கார்ப்பஸ் கிறிஸ்டி. 1950இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சத்து எட்டாயிரம். அங்கும் சுற்றுப்புறத்திலும் பருத்தி எடுத்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், லாரி ஓட்டியவர்களில் பெரும்பகுதி மெக்சிகோ வழிவந்த மக்கள். டெக்சாஸ் ஒரு காலத்தில் மெக்சிகோவின் நிலம்தான். ஆனாலும் அவர்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடியிருப்பு, தனிக் கல்லறை. சட்டம் அவர்களை வெள்ளையர் என்றது, ஊர் அப்படி நடத்தவில்லை. சட்டத்தில் ஒன்று, தெருவில் ஒன்று என்பது நமக்குப் புரிய விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் உலகப்போருக்கு இந்த மக்களும் ஆயிரக்கணக்கில் போனார்கள். திரும்பி வந்த வீரர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடன், மருத்துவம் எல்லாம் தருவதாக 1944ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டம் சொன்னது. (ஜி.ஐ. என்றால் அவர்கள் பேச்சில் சாதாரணச் சிப்பாய்.) மெக்சிக்க அமெரிக்க வீரர்களின் காசோலைகள் மாதக்கணக்கில் தாமதமாயின. மருத்துவமனையில் படுக்கை கிடைப்பது அரிதாக இருந்தது.

இதையெல்லாம் நாள்தோறும் பார்த்தவர் மருத்துவர் ஹெக்டர் கார்சியா. மெக்சிகோவில் 1914இல் பிறந்து, அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த குடும்பத்தோடு டெக்சாசில் வளர்ந்தவர். போரில் ஐரோப்பாவில் பணியாற்றிப் பதக்கம் பெற்றவர். பணமில்லாதவர்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். அவர் கூப்பிட்டு 1948 மார்ச் 26 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஏறத்தாழ 700 வீரர்கள் கூடினார்கள். அன்று பிறந்ததுதான் ‘அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம்’. பெயரில் ‘மெக்சிக்கன்’ என்ற சொல்லே இல்லை, தெரிந்தே விட்டுவிட்டார்கள். நாங்கள் இந்த நாட்டின் சிப்பாய்கள், எங்களுக்குச் சேரவேண்டியதைக் கொடு என்பதே வாதம். அதே நகரில் 1929இலேயே ‘லூலாக்’ என்ற மெக்சிக்க அமெரிக்கர் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அதில் வியாபாரிகளும் வழக்கறிஞர்களும் முன்னே நின்றார்கள். ஃபோரம் பருத்திக்காட்டுக் குடும்பங்களையும் உள்ளே கொண்டுவந்தது. பெண்களுக்குத் துணை அமைப்பும் ஏற்பட்டது. நடன விழா நடத்தியும் தின்பண்டம் விற்றும் நிதி திரட்டினார்கள். டெக்சாசில் ஓட்டுப்போட வேண்டுமானால் அன்று 1.75 டாலர் வரி கட்ட வேண்டும். ஏழைகள் அந்த வரியைக் கட்டி வாக்காளராகவேண்டும் என்று வீடுவீடாகப் போனார்கள்.

அந்தச் சிறு அமைப்பை நாடறியச் செய்தது ஒரு சவப்பெட்டி. ஃபெலிக்ஸ் லாங்கோரியா, திரீ ரிவர்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். 1945 ஜூனில் பிலிப்பைன்சின் லூசோன் தீவில் கொல்லப்பட்டார். உடல் ஊருக்கு வரும் செய்தி 1949 தொடக்கத்தில்தான் வந்தது. ஊரில் இருந்தது ஒரே ஒரு இறுதிச்சடங்கு நிலையம். அதன் கூடத்தில் உடலை வைக்க அவருடைய மனைவி பியாட்ரிஸ் கேட்டார். வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்று உரிமையாளர் மறுத்தார். அந்த ஊர்க் கல்லறையிலும் மெக்சிக்கர் பகுதியை முள்வேலி பிரித்தது. சுடுகாட்டுப் பாதைக்காகப் பிணத்தைத் தெருவில் இறக்கிவைத்துப் போராடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வேலியை அவர்களுக்குத் தெரியும்.

பியாட்ரிசின் தங்கை கார்சியாவிடம் வந்து சொன்னார். கார்சியா பல இடங்களுக்குத் தந்தி அடித்தார், புதிதாக செனட்டரான லிண்டன் ஜான்சனுக்கும் ஒன்று. ஜனவரி 11 அன்று ஆயிரம் பேருக்குமேல் கூடியிருந்த கூட்டத்தில் ஜான்சனின் பதில் வாசிக்கப்பட்டது. தனியார் நிலையத்தின்மேல் நடுவண் அரசுக்கு அதிகாரம் இல்லை, ஆனால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்யலாம் என்றது அது. பிப்ரவரி 16 அன்று லாங்கோரியா அங்கே அடக்கமானார். தலைநகரில் இடம் கிடைத்தது, சொந்த ஊரில் அந்தக் கூடத்தின் கதவு திறக்கவில்லை. டெக்சாஸ் சட்டமன்றக் குழு விசாரித்தது. பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்று அதன் பெரும்பான்மை எழுதிவைத்தது.

அடுத்த பெரிய சண்டை நீதிமன்றத்தில். எட்னா என்ற ஊரில் பீட் ஹெர்னாண்டஸ் என்ற கூலித்தொழிலாளிக்குக் கொலைவழக்கில் தண்டனை விதித்த ஜூரியில் மெக்சிக்க அமெரிக்கர் ஒருவர்கூட இல்லை. அந்த மாவட்டத்தில் 25 ஆண்டுகளாகவே ஒருவரும் ஜூரியில் அமர்ந்ததில்லை. அவர்களும் வெள்ளையர்தானே, வெள்ளையர் ஜூரியில் இருக்கும்போது என்ன குறை என்று அரசு வாதிட்டது. அந்த நீதிமன்றக் கட்டடத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் பெயர்ப்பலகை இல்லை. மற்றதில் ‘நிறத்தவர்’ என்ற ஆங்கிலச் சொல்லும், ‘ஆண்கள் இங்கே’ என்ற ஸ்பானியச் சொல்லும் எழுதியிருந்தன. வாதங்கள் செய்யாததைக் கழிப்பறைக் கதவு செய்தது என்றே எனக்குத் தோன்றும். ஃபோரமும் லூலாக்கும் ஏழைகளிடம் ஒன்றும் இரண்டுமாக வாங்கிய டாலர்களால் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1954 மே 3 அன்று ஒருமனதாக வெற்றி. கறுப்பின மாணவர்களின் பிரவுன் வழக்குத் தீர்ப்புக்கு இரண்டு வாரம் முந்தியது இது.

இதுவரை சொன்னது பெருமை. இனிச் சொல்லப்போவதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

சிப்பாய் என்ற அடையாளத்தில் நின்று உரிமை கேட்பவர், சிப்பாய் அல்லாதவரை என்ன செய்வார்? 1953இல் ஃபோரமின் டெக்சாஸ் கிளை, மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேர்ந்து ஒரு சிறுநூல் வெளியிட்டது. ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து ஆவணமின்றி வந்த மெக்சிக்கத் தொழிலாளரை ‘முதுகு நனைந்தவர்கள்’ என்ற ஏளனப் பெயரால் குறிப்பிட்டு, அவர்களால் கூலி குறைகிறது, எல்லையை மூடுங்கள் என்றது அது. கூலி குறைந்தது உண்மை. குறைத்தவர்கள் பண்ணை முதலாளிகள். ஆனால் 1954இல் அரசு அதே ஏளனப் பெயரைச் சூட்டிய பெரும் வெளியேற்ற நடவடிக்கையில் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் தொழிலாளிகள்தான். அவர்களும் ஃபோரம் உறுப்பினர்களும் பேசியது ஒரே மொழி.

வலங்கரின் மனுவையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். மகர்கள் பழைய சத்திரியர்கள் என்ற வாதம் அதில் இருந்தது. ஆள்பவனின் அளவுகோலைக் கையில் எடுத்தால்தான் அவன் காதில் விழும் என்ற நெருக்கடி இரண்டு இடத்திலும் ஒன்றே. அந்தத் தலைமுறையை இழித்துப் பேச எனக்கு உரிமை இல்லை. வேறு எந்தக் கதவும் திறக்காத காலம் அது. ஆனால் அந்த அளவுகோல் தனக்கும் கீழே ஒருவனைத் தேடிப்பிடித்துத் தரும் என்பதை 1953ஆம் ஆண்டின் அந்தச் சிறுநூல் காட்டிவிடுகிறது.

அடுத்த தலைமுறை அந்த அளவுகோலையே மறுத்தது. வியட்நாம் போரில் கார்சியா தன் பழைய நண்பர் ஜான்சனின் பக்கம் நின்றார். 1970 ஆகஸ்ட் 29 அன்று லாஸ் ஏஞ்சல்சில் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் அந்தப் போரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் அதிகமாகச் சாகவேண்டும் என்று கேட்டார்கள். உரிமைக்கு விலையாக உயிரைக் கொடுத்துக் காட்டவேண்டும் என்ற பேரத்தையே அவர்கள் நிராகரித்தார்கள்.

கார்சியாவுக்கு 1984இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது கிடைத்தது. 1996இல் இறந்தார். 2004இல் திரீ ரிவர்ஸ் அஞ்சல் நிலையத்துக்கு லாங்கோரியாவின் பெயரை வைக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அவர் இறந்து 59 ஆண்டுகள் கழித்தும் ஊரில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. 1949இல் பாகுபாடே நடக்கவில்லை என்று அப்போதும் சிலர் சொன்னார்கள்.