ட்ரூடேயின் எண்

‘கட்டற்ற எலக்ட்ரான் கொள்கையிலிருந்து வீடெமன்–ஃபிரான்ஸ் விதியை வருவி’ என்பது நம் நாட்டுப் பல்கலைக்கழக வினாத்தாள்களில் அடிக்கடி காணப்படும் வினா. கொள்கையின் பெருவெற்றியாகவே மாணவர் இதனைப் படிக்கின்றனர். வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை.

1853இல் குஸ்தாவ் வீடெமனும் ருடால்ஃப் ஃபிரான்ஸும் உலோகத் தண்டுகளின் ஒரு முனையைச் சூடாக்கி, தண்டு நெடுகிலும் வெப்பநிலை குறைந்துசெல்வதை வெப்பமின் இரட்டையால் அளந்தனர். வெள்ளியின் வெப்பக் கடத்துதிறனை 100 எனக் கொண்டால் செம்புக்குச் சுமார் 74, பொன்னுக்கு 53, இரும்புக்கு 12 எனப் பெற்றனர். இன்றைய அளவீட்டில் தூய செம்பு 93ஐ ஒட்டி நிற்கிறது. அன்றைய செம்பின் மாசே இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாகலாம். ஆயினும் விதி பிழைத்தது. மாசு வெப்பக் கடத்துதிறனையும் மின் கடத்துதிறனையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிறது. எண்கள் தாழ்ந்தாலும் அவற்றின் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. அவ்விகிதம் தனிவெப்பநிலையோடு நேராக உயர்வதை 1872இல் டென்மார்க்கின் லுட்விக் லோரென்ஸ் காட்டினார். (பின்னர் வரும் டச்சுக்காரரான லோரென்ட்ஸ் வேறொருவர்.)

எலக்ட்ரான் அறியப்பட்டு மூன்றே ஆண்டுகள் கழிந்த நிலையில், 1900இல், பவுல் ட்ரூடே உலோகத்தினுள் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளைப் போலத் திரிவதாகக் கொண்டார். மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் சுமப்பவை அவையே என்பது அவர் கருத்து. இன்றைய அலகுகளில் சொன்னால், லோரென்ஸ் எண்ணுக்கு அவர் கணக்கு தரும் மதிப்பு 2.22 × 10⁻⁸ வாட் ஓம்/கெல்வின்². 0 பாகை செல்சியஸில் செம்பின் அளவீட்டு மதிப்பு 2.23 × 10⁻⁸. இத்தகைய பொருத்தத்தைக் கண்டபின் யார்தான் ஐயுறுவார்?

ஆனால் மின் கடத்துதிறனைக் கணிக்கையில் ட்ரூடே அதனைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அப்பிழையைத் திருத்தினால் விடை 1.11 × 10⁻⁸ தான். அதனினும் வியப்பு வேறொன்று. எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறனை அவர் கொள்கை ஏறக்குறைய 100 மடங்கு மிகையாக மதிப்பிட்டது. அவற்றின் வேகத்தின் இருபடியை ஏறக்குறைய 100 மடங்கு குறைவாக மதிப்பிட்டது. பெருக்கலில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தன.

1905இல் ஹென்ட்ரிக் லோரென்ட்ஸ் அதே படிமத்தை இன்னும் செம்மையான கணிதத்தால் ஆராய்ந்தார். ட்ரூடேயிடம் 3 ஆக இருந்த கெழு 2 ஆகச் சுருங்கியது. பரிசோதனையோடு இருந்த பொருத்தம் கெட்டது. என் பார்வையில் இவ்வரலாற்றின் முதன்மையான நிகழ்வு இதுவே. கணக்குத் திருந்தத் திருந்த விடை விலகுமாயின் கோளாறு அடிப்படையில்தான் இருக்க வேண்டும். ஆயினும் பாடநூல்களில் இது அரிதாகவே இடம்பெறுகிறது. ட்ரூடே 1906இல் மறைந்தார். அடிப்படை மாறுவதற்குக் குவாண்டம் புள்ளியியல் பிறக்க வேண்டியிருந்தது.

1920களின் இறுதியில் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு அப்புள்ளியியலைக் கையாண்டு 2.44 × 10⁻⁸ என்னும் மதிப்பைப் பெற்றார். இதில் ஈடுகட்டும் பிழைகள் இல்லை. 0 பாகையில் ஈயத்தின் மதிப்பு 2.47, பொன்னின் மதிப்பு 2.35, இரண்டும் சோமர்ஃபெல்டின் பக்கமே சாய்கின்றன. செம்புக்கோ இன்றும் ட்ரூடேயின் தவறான எண்ணே நெருக்கமானது.