617 வாக்குகள்: கீர் ஹார்டி தனித்து நின்ற கதை

"வெல்ல மாட்டாத ஆளுக்கு வோட்டைப் போட்டு என்ன பிரயோசனம்?" தேர்தல் வந்தால் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி இது. தொழிற்சங்கக்காரர் யாராவது பெரிய கட்சி எதிலும் சேராமல் தனியாக நின்றால் இன்னொன்றும் கூடவே வரும்: "உவர் வாக்கைப் பிரிக்கத்தான் நிக்கிறார், ஆரோ காசு குடுத்திருக்கினம்." இரண்டும் எங்கட ஊர்க் கண்டுபிடிப்புகள் இல்லை. 1888 ஏப்ரலில் ஸ்கொட்லாந்தின் சுரங்கப் பகுதியொன்றில் நடந்த இடைத்தேர்தலில் இதே இரண்டு பேச்சும் அடிபட்டன. நாங்கள் இங்கே கதைக்கப் போவது அந்தத் தேர்தலைப் பற்றித்தான்.

தொகுதியின் பெயர் மிட் லனார்க். லிபரல் கட்சியின் பிலிப்ஸ் 3,847 வாக்குகள் எடுத்து வென்றார். கன்சர்வேட்டிவ் கட்சியின் பௌஸ்ஃபீல்டுக்கு 2,917. மூன்றாவதாக, கடைசியாக வந்தவர் ஜேம்ஸ் கீர் ஹார்டி. அவருக்கு 617.

ஹார்டி அந்தப் பகுதியிலேயே 1856இல் பிறந்தவர். தாய் வீட்டுப் பணிப்பெண். பத்து வயதில் சுரங்கத்துக்குள் போனார். காற்றோட்டத்துக்காக உள்ளே போட்டிருக்கும் கதவை, வண்டில் வரும்போது திறந்து பிறகு மூடுகிறதுதான் வேலை. மணிக்கணக்காக இருட்டில் தனியே குந்தியிருக்க வேணும். பள்ளிக்கூடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாசிக்கத் தாயிடம் பழகினார். சுருக்கெழுத்தைச் சுரங்கத்துக்குள்ளேயே, விளக்குப் புகை படிந்த கல்லில் கீறிக் கீறிப் பழகினார் என்று சொல்வார்கள். இருபது வயது தாண்டியபோது தொழிலாளரைச் சேர்க்கிறார் என்று வேலையால் நிறுத்தினார்கள், தம்பிமாரையும் சேர்த்து. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துச் சுரங்கம் எதிலும் அவருக்கு வேலை இல்லை. முதலாளிமாரிடம் கறுப்புப் பட்டியல் இருந்தது. அவர் முழுநேரத் தொழிற்சங்கக்காரரானார்.

அந்த 617ஐ விளங்கிக்கொள்ள அன்றைய தேர்தல் எப்படி நடந்தது என்று பார்க்க வேணும். 1884இன் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் கிராமப்புறத் தொகுதிகளில் வசித்த சுரங்கத் தொழிலாளருக்குப் பெருமளவில் வாக்குக் கிடைத்தது. அப்போதும் வளர்ந்த ஆண்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில்தான் வாக்காளர். பெண்களுக்கு அறவே இல்லை. ஒரு வருடம் ஒரே இடத்தில் குடியிருக்காதவருக்கு இல்லை. வறியோர் நிவாரணம் வாங்கினவருக்கும் இல்லை, அதாவது வேலை போய்ப் பட்டினி கிடந்து உதவி கேட்டால் வாக்கும் போகும். தேர்தலை நடத்துகிற அலுவலரின் செலவை வேட்பாளர்களே பங்குபோட்டுக் கட்ட வேணும். வென்று பாராளுமன்றம் போனாலும் சம்பளம் கிடையாது. அது 1911இல்தான் வந்தது, ஆண்டுக்கு 400 பவுண். காசு உள்ளவன் மட்டும் உள்ளே வருவதற்கென்றே கட்டின வாசல் அது.

அதுவரை தொழிலாளர் பாராளுமன்றம் போகவே இல்லையா என்றால், போனார்கள். 1874இலேயே அலெக்சாண்டர் மக்டொனால்ட், தோமஸ் பேர்ட் என்ற இரண்டு சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர்கள் தெரிவானார்கள். லிபரல் கட்சியின் நிழலில்தான். கல்வெட்டும் தொழிலாளியாக இருந்து சங்கத் தலைவரான ஹென்றி புரோட்ஹேர்ஸ்ட் 1886இல் உள்துறையில் துணை அமைச்சராகவே வந்தார். சங்கத் தலைவர்களில் பெரும்பாலானோருக்கு இது போதுமான ஏற்பாடாகத் தெரிந்தது. ஹார்டிக்கும் தொடக்கத்தில் அப்படித்தான். ஆனால் எட்டு மணிநேர வேலைநாளைச் சட்டமாக்கு என்று கேட்டபோது லிபரல் சுரங்க முதலாளிக்கும் டோரிச் சுரங்க முதலாளிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று கண்டுகொண்டார். 1887இல் தொழிற்சங்கக் காங்கிரஸில் எழுந்து புரோட்ஹேர்ஸ்டையே தாக்கினார். ஒரு சின்ன மாவட்டச் சங்கத்தின் செயலாளர், இயக்கத்தின் மிகப் பெரிய தலைவரை! சபை அவரை ஏற்கவில்லை.

அடுத்த வருடம் மிட் லனார்க் இடைத்தேர்தல் வந்தது. தனித்து நிற்கப்போகிறேன் என்று ஹார்டி முதலில் கிளம்பவில்லை என்பதையும் சொல்ல வேணும். லிபரல் சங்கத்திடமே வேட்பாளர் இடம் கேட்டார். அவர்கள் தெரிவு செய்தது இலண்டனிலிருந்து வந்த இளம் வழக்கறிஞர் பிலிப்ஸை. அதற்குப் பிறகுதான் ஹார்டி தொழிலாளர் வேட்பாளராகத் தனியே நின்றார்.

லிபரல் தலைமை பயந்துவிட்டது. ஒரு பேரத்தோடு ஆள் அனுப்பினார்கள்: இப்போது விலகு, அடுத்த பொதுத்தேர்தலில் வெல்லக்கூடிய தொகுதி ஒன்று தருகிறோம், தேர்தல் செலவு எங்களுடையது, ஆண்டுக்கு 300 பவுண் உதவித்தொகையும் உண்டு. சுரங்கத் தொழிலாளி கனவிலும் காணாத தொகை அது. ஹார்டி மறுத்தார். வெல்ல மாட்டார் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

டோரிப் பணம் வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்ற பழியும் வந்தது. அது வெறுங்கையால் எறிந்த கல் இல்லை. மூன்று வருடம் முன்பு, 1885இல், சமூக ஜனநாயகக் கூட்டமைப்பு என்ற சோஷலிச அமைப்பு உண்மையிலேயே டோரிப் பணத்தில் இலண்டனில் இரண்டு வேட்பாளரை நிறுத்தியது, லிபரல் வாக்கைப் பிரிப்பதற்கு. கிடைத்தவை 27 வாக்கும் 32 வாக்கும். மானமும் போச்சு, வாக்கும் இல்லை. அதன் பிறகு யார் தனியே நின்றாலும் அந்தச் சேறு அவர்மேல் விழுந்தது. பிரித்தார் என்ற குற்றச்சாட்டை எண்களை வைத்துப் பார்த்தால், லிபரல் 930 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருக்கிறார். ஹார்டி எடுத்த மொத்த வாக்கும் அதைவிடக் குறைவு.

சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தொகுதியில் சுரங்கத் தொழிலாளிக்கு ஏன் 617 மட்டும் என்பதுதான் எங்களுக்கு முக்கியமான கேள்வி. பதிலின் பெரிய பகுதி அயர்லாந்தில் இருக்கிறது. லனார்க்சயர் சுரங்கங்களில் ஏராளமான ஐரிஷ் கத்தோலிக்கர் வேலை செய்தார்கள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதாக 1886இல் மசோதா கொண்டுவந்து, அதனால் தன் கட்சியே உடைந்துபோனவர் லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன். ஆகவே ஐரிஷ் தேசியவாத அமைப்பு லிபரலுக்குப் போடச் சொன்னது, பெரும்பாலான ஐரிஷ் சுரங்கத் தொழிலாளர் போட்டார்கள். ஹார்டியும் தன்னாட்சியை ஆதரித்தவர்தான். ஆனால் தன்னாட்சியைக் கொடுக்கக்கூடிய கட்சி அவரிடம் இல்லையே.

இதை வாசித்துவிட்டு "இனப்பற்று வர்க்க உணர்வை மழுங்கடித்துவிட்டது" என்று எழுதுவது லேசு. இடதுசாரி எழுத்துகளில் இந்த வசனம் தேயத் தேயப் பாவிக்கப்பட்டிருக்கு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. சுரங்கத்துக்குள் கூலி குறைந்தவர், சுரங்கத்துக்கு வெளியே தன் சனத்தின் நிலமும் மொழியும் இன்னொருவர் ஆட்சியில் இருக்கக் கண்டவர், அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வாக்குப்போட முடியும் என்ற நிலையில் விடப்பட்டார். அவர் முட்டாள் இல்லை. இரண்டையும் ஒன்றாகத் தூக்கிப் பிடிக்கிற அளவுக்குப் பலமுள்ள ஒரு கட்சி 1888இல் அங்கே இருக்கவில்லை. ஹார்டி அதைக் கட்டத்தான் இறங்கினார். தேர்தல் முடிந்து நான்கே மாதத்தில் ஸ்கொட்லாந்து தொழிற்கட்சி கிளாஸ்கோவில் உருவானது. செயலாளர் அவர்தான்.

1892இல் இலண்டனின் கிழக்கில் வெஸ்ட் ஹாம் தெற்கில் நின்று 5,268க்கு 4,036 என்று வென்றார். லிபரல் வேட்பாளர் இறந்துபோய், கட்சி வேறு யாரையும் நிறுத்தாததும் அதற்கு உதவியது. உயர்குடி உடுப்புக்குள் நிறைந்திருந்த சபைக்கு அவர் சாதாரணத் துணித் தொப்பியோடு போனது பெரிய செய்தியானது. பத்திரிகைகளுக்குத் தொப்பிதான் பிரச்சினை, அவர் எழுப்பிய வேலையில்லாப் பிரச்சினை இல்லை.

அதே தேர்தலில் சுயேட்சைத் தொழிலாளர் வேட்பாளராக இன்னும் இருவர் வென்றார்கள்: 1889 துறைமுக வேலைநிறுத்தத்தின் நாயகன் ஜோன் பேர்ன்ஸ், கடலோடிகள் சங்கத்தின் ஹவெலொக் வில்சன். இரண்டு பேரும் மெல்ல மெல்ல லிபரல் பக்கம் போனார்கள். பேர்ன்ஸ் 1905இல் லிபரல் அமைச்சரவையிலேயே அமர்ந்தார். மூன்று பேர் ஒரே கதவால் உள்ளே போனார்கள், ஒருவர்தான் மிஞ்சினார்.

அந்த ஒருவர் உள்ளே என்ன செய்தார் என்பதற்கு ஒரு நாள் போதும். 1894 ஜூன் 23ஆம் திகதி வேல்ஸின் சில்வினித் என்ற இடத்தில் அல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. பாராளுமன்றம் வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு அனுதாப வரியும் சேருங்கோ என்று ஹார்டி கேட்டார். மறுத்தார்கள். அவர் எழுந்து வாழ்த்தை எதிர்த்துப் பேசினார், சபை முழுக்கக் கத்தக் கத்த. அடுத்த வருடத் தேர்தலில் தொகுதி போய்விட்டது.

1893இல் பிராட்போர்ட்டில் கூடி அமைத்த சுயாதீனத் தொழிற்கட்சி 1895இல் 28 பேரை நிறுத்தி 28 பேரும் தோற்றார்கள். அந்தப் பெயரிலும் ஒரு கதை இருக்கு: "சோஷலிச" என்ற சொல்லைப் போட வேணும் என்று சிலர் கேட்டபோது, சங்க உறுப்பினர் பயந்துபோவார்கள் என்று சபை அதை விட்டுவிட்டது. 1900 பெப்ரவரியில் சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் சேர்ந்து தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தன. சங்கங்கள் உடனே ஓடிவரவில்லை. அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு நீதிமன்றம். டாஃப் வேல் ரயில் கம்பனி, வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்தைச் சங்கமே கட்ட வேணும் என்று வழக்குப்போட்டு 1901இல் வென்றது. நட்டஈடு 23,000 பவுண், வழக்குச் செலவு வேறு. சங்கம் என்றால் அரசியல் வேண்டாம் என்றிருந்தவர்களுக்கு அப்போதுதான் கண் திறந்தது.

1906இல் 29 பேர் வென்றார்கள். இந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் பலர் 1903ஐப் பற்றிக் கதைப்பதில்லை. அந்த வருடம் குழுவின் செயலாளர் ராம்சே மக்டொனால்ட், லிபரல் கட்சியின் ஹெர்பேர்ட் கிளாட்ஸ்டனோடு இரகசிய உடன்பாடு ஒன்று செய்தார்: குறிப்பிட்ட தொகுதிகளில் ஒருவருக்கெதிராக மற்றவர் நிற்பதில்லை. வென்றவர்களில் பெரும்பாலானோருக்கு லிபரல் போட்டி இல்லை. டாஃப் வேல் தீர்ப்பை இல்லாமலாக்கிய சட்டம் அதே வருடம் வந்தது, அது சின்ன விசயம் இல்லை. ஆனால் 1888இல் 300 பவுணுக்கு விற்க மறுத்ததில் ஒரு பகுதி 1903இல் தொகுதிக் கணக்காக விலைபோனது.

அந்தக் கட்சியின் ஒரு நூல் இலங்கை வரைக்கும் வருகிறது. டொனமூர் ஆணைக்குழுவில் இருந்தவர்களில் டிரம்மண்ட் ஷீல்ஸ் தொழிற்கட்சி உறுப்பினர், ஸ்கொட்லாந்துக்காரர். இங்கே எல்லாருக்கும் வாக்கு வேணும் என்று அந்தக் குழுவுக்கு முன்னால் கேட்டவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வதிவிட நிபந்தனை என்று ஒரு வேலியும் வந்தது.

ஹார்டி 1900இலிருந்து வேல்ஸின் மேர்தர் தொகுதி உறுப்பினர். 1914இல் யுத்தத்தை எதிர்த்ததால் சொந்தத் தொகுதியிலேயே கூட்டத்தைக் குழப்பி அவரைப் பேசவிடாமல் செய்தார்கள். 1915 செப்டெம்பரில் இறந்தார். அவருடைய இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் சங்கமும் கட்சியும் நிறுத்தியவர் ஜேம்ஸ் வின்ஸ்டன். அவரைத் தோற்கடித்தவர் சீ. பி. ஸ்டன்டன், அவரும் சுரங்கத் தொழிற்சங்கக்காரர், யுத்தத்துக்குக் கொடி பிடித்து சுயேட்சைத் தொழிலாளர் வேட்பாளர் என்று நின்றவர். 10,286க்கு 6,080. "சுயேட்சை" என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம்.

ஹார்டி கட்டிய கட்சிக்கு எதிராகவே பின்னாளில் தொழிற்சங்கக்காரர்கள் தனித்து நின்றார்கள். கொவென்ற்றி தென்கிழக்குத் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் டேவ் நெலிஸ்ட், பாராளுமன்றச் சம்பளத்தில் தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் கூலியளவு மட்டும் எடுத்துக்கொண்டவர். 1991இல் கட்சி அவரை வெளியேற்றியது. அடுத்த வருடம் தனியாக நின்று 10,551 வாக்கு எடுத்தார். வென்ற தொழிற்கட்சி வேட்பாளருக்கு 11,902. 2010இல் ரயில் தொழிலாளர் சங்கத் தலைவர் பொப் குரோ முதலானவர்களோடு சேர்ந்து தொழிற்சங்கவாதிகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த கூட்டணி ஒன்றை அமைத்தார்கள். 2015இல் 135 பேரை நிறுத்தினார்கள், ஒருவருக்கும் கட்டுப்பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

2022 மார்ச்சில் பேர்மிங்ஹாம் எர்டிங்டன் இடைத்தேர்தலில் நெலிஸ்ட் மறுபடியும் நின்றார். 360 வாக்குகள், மூன்றாம் இடம், லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு மேலே. அந்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலுக்கு அவர்கள் திரும்பவும் ஆட்களை நிறுத்தினார்கள்.